ஊறுகாய்ப் பந்து ஆட யாருக்குத் தகுதி?

பிக்கிள்பால் என்றதும் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை, பெயர் அப்படி. கேள்விப்படாதவர்களுக்காகச் சின்னதாய் ஓர் அறிமுகம். 20 அடி அகலம், 44 அடி நீளம் உள்ள களம். பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அதே அளவு. நடுவில் இடுப்பளவு வலை. ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. டேபிள் டென்னிஸ் மட்டையை ஊதிப் பெரிசாக்கியது போல ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. சர்வீஸைக் கீழ்க்கையாகத்தான் போட வேண்டும். வந்த சர்வீஸை எதிரணி ஒரு முறை தரையில் குத்தவிட்டு அடிக்க வேண்டும், அது திரும்பி வரும்போது சர்வீஸ் போட்ட அணியும் ஒரு முறை குத்தவிட வேண்டும். அப்புறம்தான் அந்தரத்தில் அடிக்கலாம். வலைக்கு இரண்டு பக்கமும் 7 அடிக்கு ஒரு பகுதி இருக்கிறது, அதற்குப் பெயரே 'கிச்சன்'. அந்த அடுப்படிக்குள் நின்றுகொண்டு பந்தைக் குத்தவிடாமல் அடித்தால் ஃபவுல். 11 பாயிண்ட், 2 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு, அடுத்த அரை மணி நேரத்தில் யாரிடமாவது தோற்றுவிடலாம்.

1965-ல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்ட் என்ற அரசியல்வாதியும் அவர் நண்பர் பில் பெல்லும் கோடை விடுமுறையில் போரடித்துக் கிடந்த குடும்பத்துக்காகக் கையில் கிடைத்த சாமான்களை வைத்து உண்டாக்கிய ஆட்டம் இது. இந்தியாவுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிறது, ஆனால் கண்ணில் பட்டது சமீபத்தில்தான். 2025-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்தியன் பிக்கிள்பால் அசோசியேஷனைத் தேசிய சம்மேளனமாக அங்கீகரித்தது. சென்னையில் காலி மனை, மொட்டை மாடி என்று களங்கள் முளைக்கின்றன. மணிக் கணக்கில் வாடகை. சென்னையில் முளைத்தது ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் காஞ்சிபுரத்துக்கு வராமல் போகாது. வரும்போது ஏதாவது ஒரு கல்லூரியில் 'பொழுதுபோக்கு லீக்' என்ற பெயரில் வரும். இந்தக் கட்டுரையின் கவலை அந்த லீக்கைப் பற்றியது. ஆட்டத்தைப் பற்றி இல்லை, ஆட்டத்துக்கு முன்னால் ஒட்டப்படும் தாளைப் பற்றி.

நம் கல்லூரிகளில் ஒரு போட்டி நடத்த வேண்டும் என்று முடிவானால், மட்டையும் வலையும் வாங்குவதற்கு முன்னால் தயாராகிவிடுவது தகுதி விதி. எங்கேயிருந்து எடுப்பார்கள்? பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் வைத்திருக்கும் விதிகளிலிருந்து. (1925-ல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டு என்று ஆரம்பித்து, 1973-ல் இப்போதைய பெயருக்கு மாறிய அமைப்பு.) அந்த விதிகளின் சாரம் இதுதான்: முழுநேர மாணவராக இருக்க வேண்டும். வயது 25-க்குள் இருக்க வேண்டும். பள்ளி முடித்து எட்டு கல்வியாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முழுநேர வேலையில் இருப்பவருக்கு இடமில்லை. இதன் மேல் உள்ளூர்ச் சரக்காக இரண்டு சேரும். அரியர் இருக்கக் கூடாது, வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக அணிக்கு இந்த விதிகள் சரிதான். அவசியமும்கூட. அங்கே ஜெயித்தால் சான்றிதழ் உண்டு, சான்றிதழுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பு உண்டு, வேலையும் கிடைக்கும். அதனால் ஆள் மாறாட்டம் நடக்கும். முப்பது வயது ஆசாமி திடீரென்று ஏதோ ஒரு டிப்ளமோவில் சேர்ந்து மட்டையோடு நிற்பார். அவரை நிறுத்தத்தான் வேலி. ஆனால் ஒரு பொழுதுபோக்கு லீக்கில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஒரு பிளாஸ்டிக் கோப்பை, கேன்டீனில் நாலு பேருக்கு டீ. இதைத் திருட யார் வரப்போகிறார்கள்? திருட ஆளில்லாத தோட்டத்துக்கு முள்வேலி போட்டால், வேலியில் மாட்டுவது தோட்டக்காரனின் பிள்ளைகள்தான்.

யார் மாட்டுவார்கள் என்று காஞ்சிபுரத்தை வைத்தே பார்க்கலாம்.

இது தறி ஊர். காஞ்சிப் பட்டின் அடையாளமே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோர்த்துப் போவது. அதற்குத் தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பல வீடுகளில் மனைவி, மகள் அல்லது கல்லூரியிலிருந்து திரும்பிய மகன். கூலி நாள் கணக்கில் இல்லை, சேலைக் கணக்கில். ஒரு மணி நேரம் போனால் அது சேலையில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இப்படிப்பட்ட வீட்டுப் பையன் தபால் வழியில் பி.காம். படிப்பது ஊரில் யாருக்கும் ஆச்சரியமான விஷயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி நிறுவனத்தை 1981-ல் தொடங்கியதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தானே? அதே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் அவன் பட்டம் வாங்குவான். ஆனால் 'முழுநேர மாணவர்' என்ற இரண்டு வார்த்தையில் அவன் மாணவனாக இல்லாமல் போய்விடுகிறான். பட்டுக்கடையில் சேலை மடித்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் படிக்கும் பெண்ணின் கதையும் இதே. வேலையில் இருக்கிறாள், ஆகவே தகுதியில்லை.

இந்த வாசனை பழையது. இங்கிலாந்தில் ஹென்லி என்ற இடத்தில் தேம்ஸ் நதியில் வருஷா வருஷம் பெரிய படகுப் போட்டி நடக்கும். 1879-ல் அவர்கள் போட்ட விதிப்படி, கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி ஆகியோர் 'அமெச்சூர்' ஆக முடியாது. காரணம் என்னவென்று கேட்டால், உடல் உழைப்பால் தசை வலுவாகிவிடுமாம், கனவான்களுக்கு அது அநியாயமாம். (என்ன கொடுமை சார் இது!) 1920-ல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் விண்ணப்பித்தார். செங்கல் வைக்கும் கொத்தனார் வேலை பார்த்தவர். நிராகரித்துவிட்டார்கள். அவருடைய கிளப் மேல் பழைய தடை ஒன்றும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் ஜெயித்திருந்த ஜாக் பெரெஸ்ஃபோர்டை ஒற்றையர் இறுதியில் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார் கெல்லி. ஹென்லிக்காரர்கள் உழைப்பாளிகளைத் தள்ளிவைத்த அந்த வாசகத்தை எடுத்தது 1937-ல்தான். கெல்லியின் மகன் 1947-ல் அங்கேயே போய் ஜெயித்தார். மகள் கிரேஸ் கெல்லி ஹாலிவுட் நடிகையாகி மொனாக்கோ இளவரசியாகவும் ஆனார், அது வேறு கதை.

நம் ஊர் பி.டி. சார் யாரும் நெசவாளியை ஒதுக்க வேண்டும் என்று நினைத்து விதி எழுதுவதில்லை. மேலே இருக்கும் சுற்றறிக்கையைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார், அவ்வளவுதான். ஆனால் விளைவு ஹென்லியின் விளைவு. கைவேலை செய்து படிப்பவன் வெளியே, விடுதியில் தூங்கி எழுந்து வருபவன் உள்ளே.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிக்கிள்பால் என்ற பெயரே படகுப் போட்டியிலிருந்து வந்தது. பிரிட்சர்டின் மனைவி ஜோன்தான் பெயர் வைத்தவர். படகுப் போட்டியில் மற்ற படகுகளுக்கு ஆள் எடுத்த பிறகு மிச்சமிருப்பவர்களைச் சேர்த்து ஒரு படகு விடுவார்கள், அதற்கு 'பிக்கிள் போட்' என்று பெயர். பல ஆட்டங்களின் மிச்சம் மீதியைச் சேர்த்துச் செய்த ஆட்டம் என்பதால் அவருக்கு அது நினைவுக்கு வந்ததாம். வீட்டு நாயின் பெயர் பிக்கிள்ஸ், அதனால்தான் வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. ஆனால் நாய் வந்தது அப்புறம்தான் என்கிறார்கள் தேடிப் பார்த்தவர்கள். ஆக, எந்த அணியிலும் இடம் கிடைக்காதவர்கள் ஏறும் படகின் பெயரை வைத்துக்கொண்ட ஓர் ஆட்டத்துக்கு, தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம்.

கல்லூரிக்குள் சும்மா விளையாடுவதற்கென்று தனி ஏற்பாடு தேவை என்பது புதிய யோசனையும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் 1913-லேயே இதற்குத் தனித் துறை வைத்தன. 1950-ல் நியூ ஆர்லியன்ஸில் உள்ள டில்லர்டு பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவருக்கான பதினோரு கல்லூரிகளிலிருந்து வந்த இருபத்திரண்டு பேர் கூடி, இந்த மாதிரிப் போட்டிகளுக்காக ஒரு தேசிய சங்கத்தை ஆரம்பித்தார்கள். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதில் உறுப்பினர்கள். ஆரம்பித்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். மற்ற கதவுகள் சாத்தியிருந்த காலத்தில் உள்ளே இருந்தவர்களுக்காகக் களம் திறந்தவர்கள். அந்த லீக்குகளின் விதித்தாள்களைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். யார் வரலாம் என்ற பகுதி சின்னது. பெரும்பாலும் மாணவர், ஆசிரியர், ஊழியர், அடையாள அட்டை இருந்தால் போதும். கட்டுப்பாடு எல்லாம் கெட்டிக்காரர்கள் மேல்தான். பல்கலைக்கழக அணியில் ஆடுபவர் அந்த ஆட்டத்தின் பொழுதுபோக்கு லீக்கில் ஆட முடியாது, அல்லது ஓர் அணிக்கு ஒருவர்தான். அதாவது வாசலை அகலமாக வைத்துவிட்டு, உள்ளே வந்த புதியவன் முதல் நாளே நசுங்கிப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் செய்வது தலைகீழ். வாசலில் கெடுபிடி, உள்ளே மாவட்ட அளவில் ஆடுபவனையும் நேற்று மட்டை பிடித்தவனையும் ஒரே குலுக்கலில் மோதவிடுகிறோம்.

தகுதி விதி என்று பேச ஆரம்பித்த பிறகு உத்திரமேரூரைச் சொல்லாமல் விட்டால் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறை அதில் விவரமாக இருக்கிறது. பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்திருப்போம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். 919-ல் போட்ட முதல் கல்வெட்டில் வயது 30-லிருந்து 60. இரண்டே வருஷத்தில், 921-ல், திருத்திவிட்டார்கள்! சரிப்படாத விதியை இரண்டு வருஷத்தில் மாற்றும் துணிச்சல் கல்லில் வெட்டியவர்களுக்கே இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அடித்த தாளைத் திருத்த நமக்குத் தயக்கம்.

நிலம், வேதம் சமாசாரங்கள் நமக்கு வேண்டாம். யாரை வெளியே நிறுத்த அவை பயன்பட்டன என்பது தெரிந்ததுதான். ஆனால் அதே கல்வெட்டில் வேறு இரண்டு விதிகள் இருக்கின்றன. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது, அவர் மட்டுமா, அவருடைய சிற்றன்னை மகன், மாமன் மகன், மைத்துனன், மாமனார், மருமகன் என்று ஒரு பெரிய பட்டியலே வரக்கூடாது. இந்த இரண்டும் ஆடுபவருக்கான தகுதி விதிகள் இல்லை, நடத்துபவருக்கான தகுதி விதிகள். நம் கல்லூரி விளையாட்டுக் கமிட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி யாராலும் எழுத முடியாது. நுழைவுக் கட்டணமாக வசூலித்த ஐம்பதும் நூறும் எங்கே போயிற்று என்று எந்த நோட்டீஸ் போர்டிலாவது பார்த்ததுண்டா? காமர்ஸ் படிப்பவர்கள் குறைந்தபட்சம் ஒரு வரவு செலவுக் கணக்கையாவது ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். படித்ததற்கு அதுதான் பிரயோஜனம் :)

குடவோலையில் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் உண்டு, அந்தக் குடம். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இரட்டையர் லீக்கில் ஜோடி சேர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஜோடியோடு வந்து பதிவு செய் என்று சொன்னால் என்ன நடக்கும்? நன்றாக ஆடும் இருவர் சேர்ந்துகொள்வார்கள், விடுதி நண்பர்கள் சேர்ந்துகொள்வார்கள், தினமும் பஸ்ஸில் வந்து போகும் தனி ஆளுக்கு ஜோடி கிடைக்காது. தனியாகப் பதிவு செய்யவிட்டு, வாரா வாரம் குடத்திலிருந்து ஜோடி எடுத்து, புள்ளியை ஆளுக்கு ஆள் தனியாகக் குறித்துவந்தால் எல்லோரும் எல்லோரோடும் ஆடியிருப்பார்கள். பேட்மிண்டன், டென்னிஸ், பூப்பந்து, டேபிள் டென்னிஸ் எதிலாவது கல்லூரி அணியில் இருப்பவர்களின் சீட்டை ஒரு குடத்திலும் மற்றவர்களின் சீட்டை இன்னொரு குடத்திலும் போட்டு, முடிந்தவரை ஒருவருக்கு ஒருவர் என்று எடுத்தால் பலம் தானாகவே சமமாகும்.

பூப்பந்து என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லப்படும், மஞ்சள் கம்பளிப் பந்தில் ஐந்து பேர் கொண்ட அணிகள் ஆடும் அருமையான ஆட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிட்டு அமெரிக்க ஊறுகாய் எதற்கு என்று ஒரு கோஷ்டி கேட்கும். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஆனால் பூப்பந்தில் பத்துப் பேர் சேர வேண்டும், தலைக்கு மேல் வரும் பந்தை வாங்கப் பழக மாதங்கள் ஆகும். இது நாலு பேர் போதும், இன்றே ஆடலாம். ஒன்று வந்ததால் இன்னொன்று அழியும் என்றால் கிரிக்கெட் எப்போதோ எல்லாவற்றையும் அழித்திருக்க வேண்டும். (ஏறக்குறைய அழித்துவிட்டது என்கிறீர்களா? சரி, மேலே போவோம்.)

வாசலை அகலமாகத் திறக்கச் சொன்னதும் வரும் முதல் ஆட்சேபம் இடம். 'இருக்கிறது ஒரு களம், தபால் மாணவன், வாட்ச்மேன், லேப் அசிஸ்டென்ட் எல்லாரும் வந்தால் ரெகுலர் மாணவன் எங்கே போவான்?' உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 11 பாயிண்ட் இரட்டையர் ஆட்டம் ஒன்றுக்கு, ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து, 20 நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். மாலை இரண்டு மணி நேரத்தில் ஒரு களத்தில் ஆறு ஆட்டம், 24 பேர். 24 ஜோடிகள் எல்லோரோடும் எல்லோரும் மோதினால் 276 ஆட்டம், 46 நாள் ஆகும். அது நடக்காது. அதே 24 ஜோடிகளை ஆறு ஆறாக நாலு பிரிவாக்கினால் பிரிவுக்கு 15 ஆட்டம், மொத்தம் 60. பத்து நாளில் முடிந்துவிடும். 48 பேருக்கும் ஆளுக்கு ஐந்து ஆட்டம் உறுதி. நாம் வழக்கமாக நடத்தும் நாக்-அவுட்டில் இதே 24 ஜோடிக்கு 23 ஆட்டம்தான், நாலு நாளில் முடியும். ஆனால் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர்கள் 20 நிமிஷம் ஆடிவிட்டு வருஷம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். யாருக்கு ஆடிப் பழக வேண்டியிருக்கிறதோ அவருக்குத்தான் குறைவாக ஆடக் கிடைக்கும். இடம் போதவில்லை என்பதைவிட, இருக்கும் இடத்தில் நாலு பேர் ஜெயிப்பதற்காக நாற்பது பேரைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறோம் என்பதே உண்மை.

களத்துக்கும் பெரிய செலவில்லை. பந்து குத்தி எழும்ப வேண்டும் என்பதால் மண் தரை உதவாது, சிமெண்ட் வேண்டும். கூடைப்பந்து களம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். அதில் ஒரு பிக்கிள்பால் களம் தாராளமாகவும், நெருக்கினால் பக்கம் பக்கமாக இரண்டும் வரும். சுண்ணாம்புக் கோடு, தாழ்த்திக் கட்டிய பேட்மிண்டன் வலை. கல்லூரியே எட்டு மட்டை வாங்கி வைத்துவிட்டால் 'சொந்த மட்டை வேண்டும்' என்ற எழுதப்படாத தகுதி விதி ஒழியும். உண்மையில் மற்ற எல்லா விதிகளையும்விட ஆளை வடிகட்டும் விதி அதுதான். அதற்கு அடுத்தது ஷூ. கேன்வாஸ் ஷூ போதும் என்று எழுதிவிட வேண்டும். உடைக்கும் அப்படியே. அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும் கட்டாயம் என்று போட்டால் சுடிதாரில் வரும் மாணவிகள் பாதிப் பேர் அந்த வரியோடு திரும்பிவிடுவார்கள்.

மாணவிகள் விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தப்பு உண்டு. 'ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் கட்டாயம்' என்று விதி போடுவது. பார்க்க முற்போக்காக இருக்கும். நடப்பது என்னவென்றால், கடைசி நாளில் யாராவது ஒரு வகுப்புத் தோழியைக் கெஞ்சிப் பெயர் கொடுக்க வைப்பார்கள். களத்தில் தன் பக்கத்துப் பந்து, அவள் பக்கத்துப் பந்து இரண்டையும் நம் சூரரே ஓடி ஓடி அடிப்பார். அவள் ஓரமாக நிற்பாள். கலப்பு இரட்டையர் விருப்பமுள்ளவர்களுக்கு இருக்கட்டும். மகளிர் மட்டும் ஆடும் நாட்கள் தனியாக, முதலில், நல்ல நேரத்தில் ஒதுக்கப்படட்டும். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்கு ஆறு மணிக்கு ஆட்டம் போட்டால், விதித்தாளில் எதை எழுதினாலும் அவள் தகுதியில்லாதவள்தான்.

நேரம்தான் உண்மையான தகுதி விதி என்றுகூடச் சொல்லலாம். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில் மாலை நாலு மணி என்றால் முதல் ஷிப்ட் மாணவன் வேலைக்குப் போயிருப்பான், இரண்டாம் ஷிப்ட் மாணவன் வகுப்பில் இருப்பான். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை ஒரு பிரிவு, ஞாயிறு காலை ஒரு பிரிவு என்று வைத்தால் தபால் மாணவனும் வருவான். தறி வீடுகளில் பலவற்றில் அமாவாசையன்று தறி ஓடாது. அந்த நாளில் ஆட்டம் வைத்தால் கூட்டம் களை கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியிலேயே தண்ணீர் ஊறும், சிமெண்ட் களத்தில் பாசி பிடிக்கும், செமஸ்டரும் அப்போதுதான் வரும். பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், வைகாசியில் வரதர் கருட சேவை, அந்த நாட்களில் ஊருக்குள் பஸ்ஸே நுழையாது. ஆக ஜூலை முதல் செப்டம்பர், அப்புறம் ஜனவரி, பிப்ரவரி. சென்னைக் கல்லூரி ஒன்றின் அட்டவணையை அப்படியே இறக்கினால் இங்கே ஓடாது.

அரியர் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. அரியர் வைத்தவனுக்கு எதற்கு விளையாட்டு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலகத்துக்குள் வர அரியர் கணக்குக் கேட்கிறார்களா? கேன்டீனில்? மாலை ஒரு மணி நேரம் ஓடி வியர்ப்பது பரிசு அல்லவே, ஒழுங்காகப் படித்தவனுக்கு மட்டும் கொடுப்பதற்கு. அட்வான்ஸ்டு அக்கவுண்ட்ஸில் போனவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படலாம்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் வரலாமா என்றால், இல்லை. பட்டம் வாங்கி ஆறு வருஷம் ஆன பிறகும் தினமும் பைக்கில் வந்து களத்தைப் பிடித்துக்கொள்ளும் நிரந்தர சீனியர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை என்று கோடு போடலாம். தமிழக அரசே 2023 முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவுக்கு 17 முதல் 25, பொதுப் பிரிவுக்கு 15 முதல் 35, தவிர மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள் என்று தனித்தனிக் கதவுகள் வைத்தது. மாணவனாக இல்லாதவனுக்கும் ஆட ஆசை இருக்கும் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. சீனியர்கள் அந்தக் கதவு வழியாகப் போகட்டும். கல்லூரி லீக்குக்குக் கல்லூரியோடு இன்றைய தேதியில் ஒரு தொடர்பு இருந்தால் போதும். ரெகுலர், மாலை, தபால், ஆராய்ச்சி மாணவர், ஆசிரியர், அலுவலகம், தோட்டம், காவல், மெஸ், யாராக இருந்தாலும் சரி. ஆதாரமாக அடையாள அட்டையின் ஜெராக்ஸ். போனஃபைடு சர்டிபிகேட் கேட்டால் அலுவலக ஜன்னலில் மூன்று நாள் நிற்க வேண்டும், வேலைக்குப் போகிறவனால் அது முடியாது. ஆட்ட நேரத்துக்கு வராவிட்டால் பத்து நிமிஷத்தில் தோல்வி என்று போடுவது வெளிநாட்டு வழக்கம். வாலாஜாபாத் பஸ்ஸை நம்பி வருபவர்களுக்கு இருபது நிமிஷம் கொடுத்து, அதற்குள் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவரை இறக்கி ஆடவிட்டால் யாருடைய மாலையும் வீணாகாது. நடுவர் வேண்டாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்ததா அந்தப் பக்கமா என்பதை அந்தப் பக்கத்தில் நிற்பவரே சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாக. பிக்கிள்பாலின் அசல் விதியும் நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கு இதைத்தான் சொல்கிறது.

இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தமிழில் எழுதினால் மெஸ்ஸில் வேலை செய்பவரும் படிப்பார். தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம் விட வேண்டும். ஒன்று, இந்த வருஷம் வசூலான தொகையும் செலவான தொகையும். இன்னொன்று, அந்த எட்டு மட்டைகள் இருக்கும் அறையின் சாவி எத்தனை மணி வரை யாரிடம் இருக்கும் என்பது.